ஹிட்டி ஸ்டிக்னியின் கறுப்புச் சால்வைக்காரி

இந்தக் காகிதத்தைப் பாதிரியார் வாசிக்கும்போது நான் பெஞ்சுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பேன். நான் அமரியா பெட்டிங்கெல், எழுபத்தொரு வயதாகிறது. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே நடுவில் நான் விழுந்துவிட்டால் யாராவது தூக்கி நிறுத்திவிட்டு, வாசிப்பைத் தொடரச் சொல்லுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. முன்பெல்லாம் எங்கள் சபையில் ஒருவர் தப்புச் செய்தால் அதைத் தன் கைப்பட எழுதிப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் அதை வாசிப்பார். எழுதியவர் ஊர் பார்க்க நடுவில் நிற்பார். வாசித்து முடிந்ததும் சபையார் கை தூக்குவார்கள், அல்லது தூக்க மாட்டார்கள். இந்த சால்ட்டர்ஸ் நெக் ஊரில் கடைசியாக அப்படி நின்றவள் ஹிட்டி ஸ்டிக்னி, 1874-ஆம் வருஷம் மார்ச் மாதம். அதற்குப் பிறகு இந்த இருபத்தொன்பது வருஷத்தில் நாங்கள் யாரும் தப்பே செய்யவில்லை போலிருக்கிறது!

நம் இளம் பாதிரியார், "மிஸ்டர் பெட்டிங்கெல், ஒரு பக்கம் போதும்" என்றார். நாற்பது வருஷம் அச்சுக் கோத்தவனிடம் பக்கக் கணக்குப் பேசுகிறார். என் தப்பைச் சொல்ல இரண்டே வரி போதும்தான். ஆனால் ஹிட்டி யாரென்று தெரியாதவர்களுக்கு அந்த இரண்டு வரியில் ஒன்றுமே இருக்காது. ஆகையால் அவளைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். மதியச் சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

ஹிட்டி என் வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒல்லி, நீளமான தாடை, எதையும் நேருக்கு நேர் பார்க்கும் கண். அழகி என்று யாரும் சொன்னதில்லை. நான் மட்டும் சொன்னேன், அதுவும் அவளிடம் இல்லை, அச்சு மிஷினிடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாதி ஊர்ப் பெண்களைப் போலவே செருப்புக் கம்பெனிக்காக வீட்டில் உட்கார்ந்து மேல்தோல் தைத்துக் கொடுத்தாள். மெழுகு தடவிய நூலும் ஊசியும் மடியிலேயே இருக்கும். தைத்து முடித்த பிறகு எழுதுவாள். எங்கள் வாரப் பத்திரிகையில் மாதம் ஒரு கதை. பத்திரிகைக்குச் சொந்தக்காரர் அவளுடைய அண்ணன், சபை மூப்பர்களில் ஒருவரான டீக்கன் லெமுவெல் ஸ்டிக்னி. அங்கே இருந்த ஒரே கம்பாசிட்டர் நான்.

அவள் எழுதுகிற மேஜைக்கு மேலே ஒரு படம் தொங்கும். அவர்களுடைய முப்பாட்டனார், கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, சிரிப்பு என்பதையே கேள்விப்பட்டிராத வாய். பெயர் "தீமையை வெறு" ஸ்டிக்னி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்தது. இந்த ஊரின் முதல் டீக்கன் அவர். தினமும் படுப்பதற்கு முன் அன்றைக்குத் தன் ஆத்மா செய்த பாவங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தவர். 'சாப்பாட்டின் மேல் ஆசைப்பட்டேன்', 'பிரசங்கத்தில் தூங்கினேன்', 'மாட்டைக் கோபத்தில் உதைத்தேன்'. மூன்று நோட்டுகள். ஹிட்டி எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்த நோட்டுகளில்தான். அதனால் அவள் வாக்கியமும் அப்படியே வந்தது. சுருக்கம், கண்டிப்பு, முடிவில் ஒரு தீர்ப்பு.

கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடடா, என்ன கதைகள்! வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவன்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பான். ஒவ்வொரு கதையிலும் நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம். நடுவில் ஒருத்தி கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வீடு பொய் சொல்வாள், பால் திரியும், கப்பல் முழுகும், அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள். கடைசியில் அவளுக்குச் சரியான தண்டனை கிடைக்கும். சாத்தானும் வராமல் போக மாட்டான். ஒரு கதையில் அவன் முப்பத்தொரு தடவை வந்தான். என் பெட்டியில் அவன் பெயருக்கு வேண்டிய தலைப்பெழுத்து இருபத்துநான்குதான் இருந்தது.

"ஹிட்டி, உன் ஆளைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. ஈயம் தீர்ந்து போச்சு" என்றேன்.

"ஏழு இடத்துல 'பகைவன்'னு போட்டுக்கோ. அவனுக்குப் பேருக்கா பஞ்சம்?"

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். உன்னால நான் ஓய்வுநாளை மீறி நரகத்துக்குப் போகப் போறேன்."

"போனா அங்க என் கதையைக் கொஞ்சம் தப்பில்லாம கோத்துக் குடு. இங்கதான் முடியல."

அப்படித்தான் பேசுவாள். புரூஃப் பார்க்க அச்சகத்துக்கு வந்தால் அடுப்போரம் முக்காலியில் உட்கார்ந்து, தன் கதையைத் தானே படித்துவிட்டு, "ஐயோ, இவளை இன்னும் ரெண்டு நாள் அலைய விட்டிருக்கலாம்" என்பாள். கடலிலிருந்து காற்று வந்து ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். மையும் ஈரக் காகிதமும் அவள் சுட்டுக்கொண்டு வந்த ஆப்பிள் பலகாரமும் சேர்ந்து ஒரு வாசனை. இன்றைக்கும் அந்தத் தெருவில் நடந்தால் என் மூக்கு அதைத் தேடும். அந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை.

ஒரு தடவை கேட்டேன், என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று. "இந்தக் கதையை முடிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். முடித்ததும் அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டாள். நானும் திரும்பக் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள். காகிதத்தின் கடைசியில் வரப்போகும் விஷயத்துக்கு இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்புச் சால்வைக்காரி யார் என்று ஊருக்கே தெரியும். பேஷன்ஸ் டோக். இந்தச் சபை 1694-இல் விலக்கி வைத்த பெண். அந்த முதல் டீக்கன் சதுப்பு நிலத்தில் எல்லைக்கல்லை நகர்த்தி, அவள் புருஷன் மாட்டுக்கு உப்புப்புல் அறுக்கிற நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார் என்று அவள் சொன்னாளாம். அது பொய், அவதூறு என்று சபை முடிவு செய்தது. நடுவில் நின்று பொய் என்று ஒத்துக்கொள் என்றார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். சபைப் புத்தகத்தில் அவள் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தார்கள். யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து வாசற்கல்லில் நின்றாள். 'கோட்டை எடுக்கிற வரைக்கும் உள்ளே வரமாட்டேன், ஆனால் வீட்டிலும் இருக்க மாட்டேன்' என்றாளாம். சாகும்வரை நின்றாள். பிறகு அவள் மகள் நின்றாள். அதற்குப் பிறகு அவள் மகன்.

அதிலிருந்து இன்றுவரை தலைமுறைக்கு ஒரு டோக் அந்தக் கல்லில் நிற்கிறார். கல் நடுவில் குழிந்திருப்பது மழையால் இல்லை.

எங்கள் காலத்தில் நின்றவர் டார்கஸ் டோக். ஊருக்கெல்லாம் டார்கஸ் அத்தை. விதவை. சதுப்போரம் குடிசை. சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டி விற்பார். சிறுபிள்ளைகள் அவரைக் கண்டால், "கறுப்புச் சால்வை! கறுப்புச் சால்வை!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அதற்கு ஹிட்டியின் கதை பாதிக் காரணம். மீதிப் பாதி நான். அச்சகத்தில் ஒரு பழைய மரக்கட்டைப் படம் கிடந்தது, சால்வை போர்த்திய கிழவி, கொக்கி மூக்கு. கதைக்கு மேலே அதைப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நான்தான் போட்டேன். ரொம்பப் பெருமையாக வேறு இருந்தது எனக்கு.

1873 இலையுதிர்காலத்தில் பாஸ்டனிலிருந்து ஹிட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு பதிப்பாளர் அவள் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறேன் என்றார். கடைசியில் புதிதாக ஒரு நீண்ட கதை வேண்டும், அந்தச் சால்வைக்காரியின் முழுக்கதை. கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைத்துணிகூட இல்லாமல் அச்சகத்துக்கு ஓடி வந்தாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண் அப்படிக் குதித்ததை நான் பார்த்ததில்லை. "புஸ்தகம் அமரியா! துணி அட்டை போட்டு!" என்று மை படிந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கையிலும் மை ஒட்டிக்கொண்டது. நான் துடைக்கச் சொல்லவில்லை.

அந்தக் கதைக்காகத்தான் மூன்றாவது நோட்டை எடுத்தாள். அதில் பதினொரு தாள்களை ஓரத்தில் ஊசி நூலால் சேர்த்துத் தைத்து மூடியிருந்தது. தைத்தவர் முப்பாட்டனாரே. நூற்றெண்பது வருஷமாக ஸ்டிக்னி வீட்டில் யாரும் அந்தத் தையலைப் பிரிக்கவில்லை. பெரியவர் கடவுளோடு பேசிய அந்தரங்கம், நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். தையல் ஹிட்டியின் தொழில் ஆயிற்றே! கத்தி நுனியால் ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தாள்.

மறுநாள் காலை அச்சகத்துக்கு வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை. நோட்டை நான் அச்சுக் கோக்கும் மேஜையில் ஈய எழுத்துகளுக்கு மேலேயே வைத்தாள். நான் படித்தேன். 'இன்று விடியுமுன் எல்லைக்கல்லை ஆறு கோல் கிழக்கே நகர்த்தினேன். பேஷன்ஸ் டோக் பார்த்துவிட்டாள்.' பிறகு இரண்டு மாதம் தள்ளி: 'இன்று அவளை விலக்கினோம். அவள் பொய் சொல்லவில்லை. ஆண்டவரே, உமக்குச் சொல்லிவிட்டேன். மனுஷருக்குச் சொல்ல என் வாய் திறக்கவில்லை.' மீதிப் பக்கங்களிலும் இதேதான், திரும்பத் திரும்ப, பதினொரு தாள்.

"இதை ஏன் எரிக்காம வச்சிருந்தாரு?" என்றேன்.

"எப்படி எரிப்பாரு? கடவுள்கிட்ட சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடாதா? எரிக்கவும் மனசில்ல, காட்டவும் தைரியமில்ல. தச்சுட்டாரு." அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "எங்க வீட்டுப் புத்தி அமரியா. அப்படியே எங்க வீட்டுப் புத்தி."

சரி, இனி பெண் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தேன். மூன்று வாரத்தில் ஒரு கதை எழுதி முடித்தாள். முப்பாட்டனார்தான் இப்போது கெட்டவர். சாத்தான் அவர் தோளிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் கடல் பொங்கி, எல்லைக்கல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிழவர் நரகத்துக்குப் போனார். படிக்கையில் எனக்கே வியர்த்தது. லெமுவெல் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "என் பத்திரிகையில் என் முன்னோருக்குச் செருப்படியா?" என்று தாள்களை அவள் மடியில் போட்டார். அவர் எப்போதும் பிரசங்க பாஷைதான் பேசுவார்.

"போடலேன்னா போ. பாஸ்டன்ல போடுவான்" என்றாள் ஹிட்டி. பிறகு என்னைப் பார்த்து, "கோட்டு மாட்டிக்கோ. இதை டார்கஸ் அத்தைக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

டார்கஸ் அத்தை வாசலில் உட்கார்ந்து மட்டி உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. ஹிட்டி நின்றுகொண்டே கதை முழுவதையும் படித்தாள். கத்தி சிப்பியைப் பிளக்கிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் அத்தை.

"முடிஞ்சுது அத்தை."

"கிழவனை நல்லா வறுத்திருக்க. எண்ணெய்தான் பாக்கி."

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

"ஏம்மா, போன வருஷம் வரைக்கும் எங்க ஆளைப் போட்டு வறுத்த. இப்ப உங்க ஆளைப் போட்டு வறுக்கிற. சட்டி என்னமோ அதே சட்டிதான்." ஒரு மட்டியை வாளியில் போட்டார். "அவரு எரிஞ்சா எனக்கென்ன, குளிர்ல நடுங்கினா எனக்கென்ன? புஸ்தகத்துல அவ பேரு மேல ஒரு கோடு கெடக்கு. அதை எடுக்க உன்னால முடியுமா? அதைச் சொல்லு. முடியாதுன்னா நகந்துக்கோ, வெளிச்சத்தை மறைக்கிற."

திரும்பி வரும்போது அலை வடிந்து சதுப்பு நாறியது. ஹிட்டி பாதி தூரம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு நின்றாள்.

"நாப்பது கதைக்கு மேல எழுதியிருக்கேன். ஒரு கதையிலயாவது யாரையாவது மன்னிச்சிருக்கேனா சொல்லு."

"ஒரு நாயை மன்னிச்ச. அந்தக் கப்பல் கதையில."

"நாயை!" சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. "யாரைப் பாத்தாலும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னுதான் பிரிக்கத் தெரியுது எனக்கு. பால்காரன் மணி அடிச்சா, இவன் எந்தப் பக்கம்னு தோணுது. பேனா என்னுதுன்னு நெனச்சேன். அந்தக் கிழவர் கைதானே இத்தனை நாளா எழுதியிருக்கு!"

"இப்ப என்ன செய்யப் போற?"

"நடுவுல நிக்கப் போறேன். அவருக்குப் பதிலா."

சபைக்கு எழுதிக் கொடுத்தாள். தன் முப்பாட்டனார் செய்ததையும், அவர் பொய்யைத் தெரியாமலே நாற்பது கதைகளில் தான் திருப்பிச் சொன்னதையும், இரண்டையும் சேர்த்து. கோட்டை எடுக்க வேண்டும் என்று கேட்டாள். அவ்வளவுதான். கதையாக ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்த வாரம் லெமுவெல் அச்சகத்துக்கு வந்து என் மேஜையருகே நின்றார். "சகோதரர் பெட்டிங்கெல், ஞாயிற்றுக்கிழமை நீர் எங்கே அமர்ந்திருப்பீர் என்று எனக்குத் தெரியும். டீக்கன் பெஞ்சிலிருந்து எல்லாரையும் பார்க்கலாம்" என்றார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

மார்ச் பதினைந்து. வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாசற்கல்லில் டார்கஸ் அத்தை நிற்கிறார் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அதற்காக எல்லோரும் குளிரில் முனகினார்கள். ஹிட்டி, பலகைத் தடுப்பும் சின்னக் கதவும் வைத்த தன் குடும்பப் பெஞ்சிலிருந்து, மூன்றாம் நம்பர், கதவைத் திறந்துகொண்டு வந்து நடுவில் நின்றாள். சாம்பல் நிறப் பாவாடை. அவள் கை இரண்டும் சும்மா தொங்கின. ஊசியோ பேனாவோ இல்லாமல் அவள் கையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதிரியார் வாசித்தார். நோட்டின் அந்த வரிகள் வந்தபோது லெமுவெல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெரிதாகத் திறந்தார்.

அப்போதெல்லாம் ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. முப்பத்தேழு ஆண்கள் இருந்தோம். "பெயர் மேலிருக்கும் கோட்டை நீக்கச் சம்மதிப்பவர்கள்" என்றார் பாதிரியார். கைகள் எழுந்தன. எண்ணினார். பதினெட்டு. "சம்மதியாதவர்கள்." எண்ணினார். பதினெட்டு.

முப்பத்தேழில் ஒன்று குறைந்தது. அது என் கை. இரண்டு தடவையும் முழங்கால் மேலேயே கிடந்தது.

சம வாக்கு என்றால் தீர்மானம் தோற்றது. இதுதான் என் தப்பு. வேலை போய்விடும் என்று பயந்தேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. அவளுக்காகக் கை தூக்கினால், 'பாவம், வேண்டாமென்று சொன்னவள் பின்னால் இன்னும் அலைகிறான்' என்று ஊர் சிரிக்குமே என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு பெண்ணின் பெயரைக் கோட்டுக்குக் கீழேயே விட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஹிட்டியின் பழைய கதைகளில் என்னைப் போன்ற ஆளுக்கு இடமே கிடையாது.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமில்லை. ஒரு தாளில் எழுத்துப்பிழை எங்கே என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு மூன்றாம் நம்பர் பெஞ்சுக்குத் திரும்பாமல் நேராக நடந்து வெளியே போனாள். டார்கஸ் அத்தையின் பக்கத்தில், வாசற்கல்லில் நின்றாள்.

அடுத்த ஞாயிறும் அங்கேதான். அதற்கு அடுத்ததும். பதினாறு வருஷம்! மழை, பனி, ஆகஸ்ட் வெயில், எதுவானாலும் ஒரு ஸ்டிக்னியும் ஒரு டோக்கும் அந்தக் கல்லில் தோளோடு தோள் நின்றார்கள். உள்ளே போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நானும் தாண்டினேன். ஒவ்வொரு ஞாயிறும், "குட்மார்னிங் அமரியா" என்பாள். நான் தொப்பியைத் தொடுவேன். டார்கஸ் அத்தை, "நேரமாச்சு, உள்ள போய் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிரசங்கம் நீண்டால் அவர்கள் வெளியே குசுகுசுவென்று பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். என் வாழ்நாளில் நான் பொறாமைப்பட்ட ஒரே இடம் அந்தக் கல்.

புத்தகம் வரவில்லை. பாஸ்டன்காரருக்கு அவள் திரும்பப் புதிதாக எழுதி அனுப்பிய கடைசிக் கதையில் சால்வைக்காரியும் இல்லை, நரகமும் இல்லை. 'கதையில் தீயவர் யார் என்று வாசகருக்குப் புலப்படவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தை அடுப்பங்கரைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். ஆனால் முதல் தடவை அதைப் படித்த அன்று அழுதாள் என்று அவளே பிற்பாடு சொன்னாள். துணி அட்டை போட்டு ஒரு புத்தகம். அதைவிடப் பெரிதாக எதையும் அவள் ஆசைப்பட்டதில்லை.

அதற்குப் பிறகும் எழுதினாள். லெமுவெல் போடவில்லை. எழுதியதை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள், "படிச்சுப் பாத்து தப்பிருந்தா திருத்து" என்று. 1890 ஜனவரியில், சளிக்காய்ச்சலில் போவதற்குப் பத்து நாள் முன்னால் கொடுத்தது கடைசி. அதில் ஒரு கம்பாசிட்டர் வருகிறான். நல்ல வேலைக்காரன். ஒரு நாள் கை தூக்க வேண்டிய இடத்தில் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறான். இப்போது வரும், இப்போது வரும், அவள் தீர்ப்பு, என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். வரவே இல்லை. அந்த ஆள் வீட்டுக்குப் போகிறான். கையைக் கழுவுகிறான், மை போகவில்லை. ஓய்வுநாளில் சமைக்கக் கூடாதென்று சனிக்கிழமையே அடுப்பில் வைத்த பயற்றுப் பானையைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறான். எழுதியவள் ஜன்னலுக்கு வெளியே நின்று அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'பயறு நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.' அதுதான் கடைசி வரி.

என்னை நரகத்துக்கு அனுப்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதின்மூன்று வருஷமாக அந்தத் தாள்கள் என் பெட்டியில் இருக்கின்றன. கம்பாசிட்டர் நான், ஒரு எழுத்தைக்கூட எடுத்துக் கோக்க முடியவில்லை. அவளை நான் எவ்வளவு விரும்பினேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினாள்.

லெமுவெல் போய்விட்டார். டார்கஸ் அத்தையும் போய்விட்டார். இப்போது கல்லில் நிற்பது அவர் பேத்தி அக்சா. செருப்புத் தொழிற்சாலையில் மிஷின் ஓட்டுகிற பெண், வாய்க்காரி. நடுவில் நிற்கப்போகிறேன் என்று போன வாரம் அவளிடம் சொன்னேன். "இருபத்தொன்பது வருஷமா கையைத் தூக்க? பாட்டி சொன்னது சரிதான், நீங்க சுறுசுறுப்பான ஆளு!" என்றாள். "தீர்மானம் ஜெயிச்சா உள்ள வருவியா?" என்று கேட்டேன். "முதல்ல கையைத் தூக்குங்க பாப்போம்" என்றாள்.

பாதிரியாருக்கு ஒரு வேண்டுகோள். இதை வாசித்ததும் என்னை மன்னிக்கலாமா என்று சபையைக் கேட்க வேண்டாம். பேஷன்ஸ் டோக் பெயர் மேலிருக்கும் கோட்டை எடுக்கலாமா என்று கேளுங்கள். இப்போது பெண்களும் கை தூக்கலாம். அன்றைக்கு அந்த முறை இருந்திருந்தால் என் கை தேவைப்பட்டிருக்காது என்று நான் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை.

வாசற்கதவைத் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் நம்பர் பெஞ்சின் கதவு இத்தனை வருஷம் திறக்காமல் இறுகிப்போயிருந்தது. நேற்று வந்து கீலுக்கு எண்ணெய் போட்டேன். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அக்சா வந்தால் ஓரமாக உட்காரட்டும், பக்கத்து இடத்தை ஹிட்டிக்கு விட்டுவிட்டு.

இதோ, வாசித்து முடிந்தது. என் வலது கை மேலேதான் இருக்கிறது. எண்ணிக்கொள்ளுங்கள்.